வகுப்பில்லாத மணிநேரங்களை விட்டுவையுங்கள்: கல்விக் குழுவிற்கு இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், கல்விக் குழுவின் உறுப்பினர்களாகிய துறைத்தலைவர்கள், பேராசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத் தேர்வுகளோடு இக்கல்லூரியில் எங்கள் படிப்பு முடிகிறது. தேர்வுக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது. நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை என ஒவ்வோர் இடமாகச் சென்று நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த வேளையில்தான் வரும் கல்வியாண்டிற்கான கால அட்டவணையின் வரைவு எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். இன்று எங்களுக்கு வாரந்தோறும் கிடைக்கும் வகுப்பில்லாத மணிநேரங்களில் ஒன்றுகூட அதில் எஞ்சவில்லை. அவை அனைத்திலும் சான்றிதழ் படிப்புகள் கட்டாயமாக நிரப்பப்பட்டிருக்கின்றன. கடைசி மணி அடித்ததும் வகுப்பறைகள் பூட்டப்படும் என்றும், நூலகமும் அதே நேரத்தில் மூடப்படும் என்றும் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. இந்த அட்டவணையால் எனக்கு நேரடியான பாதிப்பு எதுவும் இல்லை. அது நடைமுறைக்கு வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். ஆயினும், இங்கு கழிந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி எந்த நேரத்தில், யாரிடமிருந்து, எந்த இடத்தில் கிடைத்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த நேரத்தைத்தான் இந்த வரைவு எடுத்துவிடுகிறது என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

வகுப்புகளைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. முதலாண்டில் நுண்கணிதம் எடுத்த பேராசிரியர், ஒரு தேற்றத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன், இது பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தபடி காத்திருப்பார். விடைகளை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கி வந்திருந்த எங்களில் பலருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. இயற்கணிதம் எடுத்த பேராசிரியை, விடைத்தாளைத் திருத்தும்போது பிழையான வரியின் கீழே கோடிடுவதோடு நிறுத்தமாட்டார். அந்த வரி எங்கே செல்லாமல் போகிறது என்பதைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டை ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதித் தருவார். என்னிடம் இருக்கும் பழைய விடைத்தாள்களை நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்த ஓரக் குறிப்புகளுக்காகத்தான். கணிதம் என்பது எப்படிப்பட்ட துறை என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள். ஆனால் நிறைந்த வகுப்பில் ஒரு மணிநேரம் அமர்ந்து கேட்டது நமக்குள் தங்குவதற்கு இன்னொரு நேரம் தேவைப்பட்டது. ஃப்ரீ ஹவர் என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் அந்த மணிநேரம் அதற்குப் பயன்பட்டது.

அந்த நேரத்தில் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு குழு உறுப்பினர்கள் பலருக்கும் அமைந்திருக்காது என்பதால், ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரண்டாமாண்டில் மெய்ப் பகுப்பாய்வுப் பாடத்தில் யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ் நடத்தப்பட்டபோது எங்களில் பாதிப்பேருக்கு மேல் புரியவில்லை. வரையறையை எழுதிக்கொண்டோம், இன்டர்னல் தேர்வில் பிழையின்றி எழுதியும் விட்டோம். ஆனால் அந்த வரையறை எதற்காக இருக்கிறது என்று கேட்டிருந்தால் யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு ஃப்ரீ ஹவரில், எங்களுக்கு ஓராண்டு மூத்த அக்கா ஒருவர் எங்கள் வகுப்புக்கு வந்தார். 0க்கும் 1க்கும் இடையில் ஆளுக்கோர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கிக்கொண்டே போகச் சொன்னார். 0.5 எடுத்தவள் சில படிகளிலேயே சுழிக்கு அருகில் வந்துவிட்டாள். 0.9 எடுத்தவளுக்கு வெகுநேரம் பிடித்தது. 0.99 எடுத்தவள் கைப்பேசியில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, நூறாவது அடுக்கிலும் 0.36க்குக் கீழே இறங்கவில்லை என்றாள். ஒவ்வோர் எண்ணும் கடைசியில் சுழியை நோக்கித்தான் போகிறது, ஆனால் எல்லா எண்களும் சேர்ந்து போவதில்லை, நாம் எந்தப் படியில் நின்று பார்த்தாலும் 1ஐ ஒட்டி இன்னும் கீழே இறங்காத ஓர் எண் இருந்துகொண்டே இருக்கும் என்பதை அந்த அக்கா சொல்லவில்லை. நாங்களே சொல்லும்வரை காத்திருந்தார். அதன்பிறகு, 0 முதல் 1 வரையுள்ள எண்கள் ஒவ்வோர் அடுக்கிலும் எங்கே நிற்கின்றன என்று காட்டும் வளைகோடுகளைப் பலகையில் ஒவ்வொன்றாக வரைந்தார். ஒவ்வொரு கோடும் முறிவின்றி இருந்தது. அவை எல்லாம் சென்றடையும் எல்லைக்கோடு மட்டும் 1 என்ற இடத்தில் முறிந்து நின்றது. மனப்பாடம் செய்திருந்த வரையறை, இந்த முறிவு நேராமல் காப்பதற்கான நிபந்தனை என்பது அப்போதுதான் விளங்கியது.

பலகையின் ஒரு பாதியை அந்தக் கோடுகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒருத்தி மூலையில் ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவைத்தாள். அடுத்த மணிக்கு வேறு பாடம் எடுக்க வந்த பேராசிரியர் டஸ்டரைக் கையில் எடுத்தவர், பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு, எஞ்சியிருந்த பாதியிலேயே தம் வகுப்பு முழுவதையும் நடத்தி முடித்தார். அவர் அதைப்பற்றி எதுவும் பேசவில்லை. எங்கள் உழைப்பை ஆசிரியர் ஒருவர் மதித்தார் என்பதை நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

இதை எங்கள் துறையின் தனிப்பட்ட அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோல்வியடைவது ஏன் என்று ஆராய்ந்தார். உழைப்புக் குறைவு, முன்கல்வியின் போதாமை, குடும்பத்தின் வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை என்று பேராசிரியர்கள் பலரும் காரணங்களை ஊகித்து வைத்திருந்தார்கள். அவரோ மாணவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று நீண்ட காலம் உடனிருந்து பார்த்தார். அந்த ஊகங்கள் எவையும் நிற்கவில்லை. அந்த மாணவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள்; ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேர்ச்சி பெற்ற சீன வம்சாவளி மாணவர்களோ தனியாகப் படித்த பிறகு ஒன்றுகூடி, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்து, யாருக்கும் வராத கணக்கை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள். தனியாகப் படித்தவருக்குத் தமக்கு வராத கணக்கு தம் குறையா, அல்லது கணக்கே கடினமானதா என்று அறிய வழியில்லை. டிரைஸ்மன் பின்னர் கடினமான கணக்குகளைக் கொடுத்து மாணவர்களைக் குழுவாக உட்காரவைக்கும் பயிலரங்குகளைத் தொடங்கினார். அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. பலவீனமானவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் அதற்குப் பெயரிடவில்லை என்பதையும், எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். சேர்ந்து உட்கார்வதற்கு ஓர் இடமும் நேரமும், சேர்ந்து போராடுவதற்குரிய கணக்கும் கிடைத்தன. மாற்றத்துக்கு அதுவே அடிப்படையாக இருந்தது.

அந்த இடமும் நேரமும் எங்களுக்கு வெளியில் கிடைப்பவை அல்ல. விடுதியில் தங்கியிருப்பவர்கள் இரவில் கூடிப் படிக்கலாம். வீட்டிலிருந்து வந்து போகிறவர்களின் நிலை வேறு. கடைசி மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டுவதற்குள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அனுப்பப்படும் மாணவிகள் இருக்கிறார்கள். தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. இவர்களுக்கெல்லாம் சக மாணவரோடு உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும் ஒரே நேரம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கல்லூரி வளாகத்திற்குள் கிடைக்கும் நேரம்தான். அதை நிரப்பிவிட்டால், வசதியுள்ளவர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள். மற்றவர்கள் டிரைஸ்மன் பார்த்த மாணவர்களைப் போல் தனித்தனியாக உழைத்துக்கொண்டிருப்பார்கள். வரைவைத் தயாரித்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பதே எனக்குள்ள பெரும் கவலை.

ஒரு படிப்புக்கு எவ்வளவு உழைப்பு தேவை என்பதை அளக்கும் கிரெடிட் கணக்கையே அடிப்படையாக வைத்துப் பார்த்தாலும் இந்த வரைவு பொருந்தவில்லை. நம் நாட்டில் 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஓர் ஆண்டின் படிப்பை 1200 கற்றல் மணிநேரமாகவும் 40 கிரெடிட்டாகவும் வகுத்திருக்கிறது. அதன்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணிநேரம். வாரம் ஒரு மணி வீதம் 15 வாரங்கள் நடக்கும் விரிவுரைக்கு ஒரு கிரெடிட் வழங்குகிறோம் என்றால், வகுப்பில் கழிவது 15 மணிநேரமே. மீதிப் பாதி, மாணவர் தாமே படிப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் கலந்து பேசுவதற்கும் உரியது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் கிரெடிட் முறையிலும் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணிநேர உழைப்பு என்று வகுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் விரிவுரை, செய்முறை, தேர்வு ஆகியவற்றோடு தனிப்படிப்பும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு மணிநேர வகுப்புக்கு, வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணிநேர உழைப்பு என்பதே பொதுவான கணக்கு.

இனி நம் அட்டவணைக்கு வருவோம். ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால், 300 மணிநேரம் வகுப்புக்கும் 300 மணிநேரம் தனிப்படிப்புக்கும் ஆகின்றன. 15 வாரங்களில் பிரித்தால், வாரந்தோறும் 20 மணிநேரம் மாணவர் தாமாகப் படிப்பதற்கென்று இருந்தாக வேண்டும். வரைவு அட்டவணையில் இந்த 20 மணிநேரத்துக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. அது முழுவதும் வீட்டில் நடந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் அட்டவணை போடப்பட்டிருக்கிறது. வந்து போவதற்கே நாளின் கணிசமான நேரத்தைச் செலவிடும் ஒரு மாணவிக்கு, வீட்டு வேலையும் முடிந்த பிறகு, எந்த மணிநேரம் எஞ்சும் என்பதைக் குழு தயவுசெய்து கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் படிப்புகளைக் கொண்டுவருவதற்கான காரணங்கள் எனக்கும் தெரியும். தர மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றின் பட்டியலைக் கேட்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற நிறுவனங்கள் பட்டத்துக்கு மேல் வேறென்ன தெரியும் என்று கேட்கின்றன. பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் வருந்துகிறார்கள். இவை எல்லாம் நியாயமான கவலைகள். நான் விருப்பத்தின்பேரில் சேர்ந்து படித்த பைத்தான் நிரலாக்கப் படிப்பு எனக்கு மிகவும் பயன்பட்டது. எண்சார் முறைகள் பாடத்தில் கையால் போட்ட கணக்கை நிரலாக எழுதிச் சரிபார்க்க முடிந்தபோது அந்தப் பாடமே வேறுவிதமாக விளங்கியது. ஆனால் அதை நானே தேர்ந்தெடுத்தேன், அதில் கற்றதைச் செய்து பார்க்க எனக்கு வகுப்பில்லாத மணிநேரம் இருந்தது. கட்டாயத்தின்பேரில் நடத்தப்பட்ட சில குறுகிய படிப்புகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கடைசி நாளன்று வினாத்தாள் தரப்படும், எல்லோரும் தேர்ச்சி பெறுவோம், சான்றிதழ் வரும்; அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அதில் நடத்தியது என்னவென்று சொல்லக்கூடியவர்கள் வெகுசிலரே இருப்பார்கள்.

இது மாணவர்களின் அக்கறைக் குறைவால் மட்டும் நேர்வதில்லை. நினைவு செயல்படும் முறையே அப்படிப்பட்டது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியை மீண்டும் படித்த மாணவர்களையும், படித்ததை ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நடத்தி முடித்த அன்றே வைக்கும் தேர்வு எதை அளக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். ‘நோட்டை மூடிட்டு சொல்லு’ என்று தோழி ஒருத்தி கேட்க, நாங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லிய ஃப்ரீ ஹவர்கள், அந்த ஆய்வு நல்லது என்று காட்டிய அதே பயிற்சியை எந்தச் செலவுமின்றி எங்களுக்கு அளித்திருக்கின்றன. புதிதாக ஒன்றைத் திணிப்பதைவிட, ஏற்கெனவே கற்பித்ததை மாணவர் திரும்ப எடுத்துப் பார்க்க நேரம் தருவதே அதிகப் பயனுள்ளது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆசிரியர்களின் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு வகுப்பில்லாத மணிநேரமும் ஒரு பேராசிரியருக்கு வகுப்பில்லாத மணிநேரமும் ஒன்றாக அமைகிற நாள்களில், துறை வாசலில் நின்று, ‘வரலாமா ஐயா’ என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவோம். அவர் மேசை மீது கோப்புகள் விரிந்து கிடக்கும். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தை எங்கள் பக்கம் நகர்த்தி, ‘எது வரைக்கும் புரிஞ்சுதோ அது வரைக்கும் எழுதும்மா’ என்பார். நாங்கள் எழுதுவோம். எங்கே பேனா நிற்கிறதோ அங்கிருந்து அவர் தொடங்குவார். வகுப்பில் முன்வரிசையில் உட்காராத, கையை உயர்த்தாத எத்தனையோ மாணவியரை அந்த மேசைக்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன். புதிய அட்டவணைப்படி சான்றிதழ் படிப்புகளில் பலவற்றை நடத்துவதும், அவற்றின் வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் இணையத்தில் ஏற்றுவதும் இதே ஆசிரியர்கள்தாம். அவர்கள் தாமாக முன்வந்து எங்களுக்குக் கொடுத்துவந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், அது போய்விட்டது என்பதும் எந்தப் பதிவேட்டிலும் தெரியப்போவதில்லை.

நூலகத்தைக் கடைசி மணியோடு மூடும் முடிவு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நூலகத் துறையில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பொறுப்பை ஏற்றார்; 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது நூலகம் எங்கே அமைய வேண்டும், அதன் இருக்கைகள் எப்படி இருக்க வேண்டும் என்பவற்றோடு, எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அந்த விதியின் பகுதியாகவே எடுத்துப் பேசுகிறார். மாணவர்கள் எல்லோரும் வகுப்பில் இருக்கும்போது திறந்திருந்து, அவர்கள் வகுப்பை விட்டு வெளியே வரும்போது மூடும் நூலகத்தை அந்த விதியோடு எப்படிப் பொருத்துவது? குறிப்புதவி நூல்கள் பலவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. அவற்றை உட்கார்ந்து வாசிப்பதற்கு ஃப்ரீ ஹவரும் கிடையாது, மாலை நேரமும் கிடையாது என்றால் அந்த நூல்கள் யாருக்காக வாங்கப்படுகின்றன என்ற கேள்வி எழுகிறது. நான் பகுப்பாய்வுப் பாடத்துக்காக எடுத்த ஒரு நூலின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த தாளில், எனக்கு முன்பு அதை எடுத்தவர்கள் திருப்பித் தரவேண்டிய தேதிகள் வரிசையாக முத்திரையிடப்பட்டிருந்தன. பழைய தேதிகள் நெருக்கமாகவும், அண்மைத் தேதிகள் இடைவெளி விட்டும் இருந்தன. அந்த இடைவெளி இன்னும் பெரிதாகக் கூடாது.

ஃப்ரீ ஹவர்களில் மாணவர்கள் படிப்பதில்லை, அரட்டைதான் அடிக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அரட்டை அடித்திருக்கிறோம் என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, இரண்டாமாண்டின் நடுவில் படிப்பை நிறுத்திவிடும் முடிவில் இருந்தாள். வீட்டில் நிலைமை அப்படி. அவள் அதை எந்த ஆசிரியரிடமும் சொல்லவில்லை, எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. தேர்வு விண்ணப்பம் பூர்த்தி செய்வது பற்றி மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் பேச்சில் கலந்துகொள்ளாமல் இருந்ததை ஒருத்தி கவனித்துக் கேட்டாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள். அன்றே வகுப்பு ஆசிரியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் துறைத்தலைவரிடம் பேசினார். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி கிடைத்தது. அவளும் இப்போது எங்களோடு நோ டியூஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். கல்லூரிகளில் மாணவர் நலனுக்கென்று எத்தனை குழுக்கள் இருந்தாலும், ஒருத்தி மௌனமாக இருப்பதைக் கவனிக்கக்கூடியவர்கள் அவளோடு உட்கார்ந்திருப்பவர்களே. அப்படி உட்கார்வதற்கு நேரம் இல்லாத அட்டவணையில், அவள் வருகைப் பதிவேட்டில் ஒரு குறியாகவும், பிறகு அடிக்கப்பட்ட ஒரு பெயராகவும் மட்டுமே இருந்திருப்பாள்.

வகுப்பில்லாத நேரத்தை வீணாக்கியவர்களும் இருக்கிறார்கள். அதைச் சரிசெய்யும் வழி அந்த நேரத்தையே எடுத்துவிடுவதாக இருக்க முடியாது. கட்டாய வகுப்பில் உட்கார்ந்தபடியே மனத்தால் வெளியே இருப்பவர்களும் உண்டு என்பதை ஆசிரியர்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள்.

எனவே, வரைவு அட்டவணையைக் குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ் படிப்புகள் இருக்கட்டும். ஆனால் ஒரு மாணவர் ஒரு பருவத்தில் விரும்பினால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வகையில் இருக்கட்டும். நாளுக்கு ஒரு மணிநேரமாவது வகுப்பில்லாமல் விடப்பட வேண்டும். அந்த மணிநேரம் ஒரே துறையின் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் பொதுவாக அமைவது மிகவும் தேவை. எங்களுக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பில்லாமல் போனது தற்செயலாக நேர்ந்தது, அது அட்டவணையின் ஏற்பாடாகவே ஆகிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் இளையவர்களுக்கு மூத்தவர்கள் கிடைப்பார்கள். துறைக்கு ஒரு வகுப்பறையாவது கடைசி மணிக்குப் பிறகும் பூட்டப்படாமல் இருக்கட்டும். பலகையும் சுண்ணக்கட்டியும் மின்விளக்கும் தவிர அங்கே வேறெதுவும் தேவையில்லை, பூட்டிச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்பை மாணவர்களே முறைவைத்து ஏற்றுக்கொள்வார்கள். நூலகம் வகுப்புகள் முடிந்த பிறகு ஒரு மணிநேரமாவது திறந்திருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் பணியாளர் தேவைப்படும் என்பதை அறிவேன். தற்போதைய நூலகர்களின் வேலைநேரத்தை நீட்டி அதைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கான செலவு, புதிதாகத் திட்டமிடப்பட்டுள்ள படிப்புகளில் சிலவற்றை வெளி நிறுவனங்கள் மூலம் நடத்துவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். ஆசிரியர்கள் வகுப்புக்கு வெளியே மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தையும் அவர்களுடைய பணிநேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். இது மாணவி கேட்கக்கூடிய ஒன்றா என்று சிலர் நினைக்கலாம். அந்த நேரத்தால் பயன்பெற்றவள் என்ற முறையில் கேட்கிறேன்.

வரைவைப் பற்றி இரண்டாமாண்டு மாணவர்கள் தங்கள் கருத்துகளை எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறார்கள்; துறைத்தலைவர்கள் வழியாக அவை இந்த வாரத்தில் குழுவிடம் வந்து சேரும். அட்டவணையை இறுதிசெய்யும் கூட்டத்துக்கு முன்பாக அவற்றை வாசிக்கும்படியும், அவர்களில் சிலரை நேரில் அழைத்து, வகுப்பில்லாத மணிநேரங்களில் தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கும்படியும் வேண்டுகிறேன். கட்டாயம் நாள் முழுவதும் வகுப்பில் இருந்தாக வேண்டும் என்று கருதும் மாணவர்களும் இருப்பார்கள், அவர்களையும் அழையுங்கள். இறுதியாண்டுத் தேர்வுகளுக்கு இடையே எந்த நாளில் கூட்டம் நடந்தாலும், என்னையும் என் வகுப்புத் தோழியரையும் அழைத்தால் வந்து பேசுவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றியுடனும் மதிப்புடனும்,
கணிதத் துறை இறுதியாண்டு மாணவி